டிஸ்சார்ஜ் சம்மரியில் கிட்னி பற்றி ஒரு வரிகூட இல்லை: என்ஐசியுவில் இருந்த குழந்தைகளின் பெற்றோர் பாருங்கள்

செம்பூர் கதிர் | ஞாயிறு, இரவு 11.20

மும்பையில் குறைமாதக் குழந்தையை வளர்க்கும் தமிழ்ப் பெற்றோரிடம் ஒன்று கேட்க வேண்டும். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மகன் 31 வாரத்தில் பிறந்தான். எடை 1,400 கிராம். 47 நாள் என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தான். 12ஆம் நாள் ரத்தத்தில் கிருமித்தொற்று என்று சொல்லி இரண்டு ஆன்டிபயாட்டிக் ஊசி ஆரம்பித்தார்கள். அதிலிருந்து மூன்றாம் நாள் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தபோது அவன் முகம் உப்பியிருந்தது, இமை இரண்டும் வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தன. கேட்டதற்கு, "யூரின் கொஞ்சம் குறைவு, டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார்" என்றார்கள். அடுத்த வாரம் வீக்கம் வடிந்தது. அவன் பால் குடிக்க ஆரம்பித்த சந்தோஷத்தில் நாங்களும் மறந்துபோனோம்.

இப்போது ஒன்பது மாதம். போன வியாழக்கிழமை காய்ச்சல். வழக்கமான டாக்டர் ஊரில் இல்லாததால் வேறொருவரிடம் போனோம். பாராசிட்டமாலும் ஐபுபுரூஃபனும் சேர்ந்த சிரப்பை எழுதப்போனவர், பேனாவை நிறுத்திவிட்டு, "குறைமாதமா? கிட்னியில் எப்போதாவது பிரச்சினை இருந்ததா?" என்று கேட்டார். "இல்லை சார்" என்றேன். அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

அன்று ராத்திரி தூக்கம் பிடிக்காமல் பீரோவிலிருந்து ஃபைலை எடுத்துப் பார்த்தேன். லேப் சீட்டுகளில் பாதி எழுத்து மங்கிவிட்டது. கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினினின் அளவை மட்டும் தேடித் தேடி எழுதினேன். 12ஆம் நாள் 0.6. 14ஆம் நாள் 1.1. 15ஆம் நாள் 1.4. 17ஆம் நாள் 1.2. 21ஆம் நாள் 0.7. டிஸ்சார்ஜ் சம்மரி மூன்று பக்கம். நுரையீரல், தொற்று, மஞ்சள் காமாலை, கண் பரிசோதனை, காது பரிசோதனை எல்லாம் இருக்கிறது. கிட்னி என்ற வார்த்தையே இல்லை.

1.4 என்பது அதிகமா? அதிகம் என்றால் ஏன் எங்களிடம் யாரும் சொல்லவில்லை? மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை, தயவுசெய்து கேட்காதீர்கள். அவனைக் காப்பாற்றிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான்.


தாணே சுந்தர் | திங்கள், காலை 7.05

கதிர், பதற்றப்படாதீர்கள். எனக்குப் போன மாதம் எடுத்த டெஸ்டில் 1.3. டாக்டர் தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றதோடு விட்டுவிட்டார். ஒரு வாரத்தில் தானாக இறங்கியதை வைத்து இப்போது ஏன் மனதை வருத்திக்கொள்ள வேண்டும்? பையன் நன்றாக இருக்கிறான் அல்லவா?


நிலா (மாட்டுங்கா) | திங்கள், பிற்பகல் 2.40

நான் குழந்தை மருத்துவர். நீங்கள் கொடுத்த எண்களை மட்டும் வைத்துப் பேசுகிறேன்.

சுந்தர் சாரின் 1.3 வேறு, இந்தக் குழந்தையின் 1.4 வேறு. கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. ஒன்றரைக் கிலோ உடம்பில் தசை எவ்வளவு இருந்துவிடப் போகிறது? சில மாதக் குழந்தைக்கு 0.2 முதல் 0.4 வரைதான் சாதாரணம். பெரியவர்களின் அளவுகோலை அப்படியே தூக்கிக் குழந்தைக்கு வைத்தால் நிறையத் தப்பிவிடும். லேப் சீட்டிலேயே பக்கத்தில் பெரியவர்களின் நார்மல் அளவு அச்சாகி வருவதும் உண்டு, அதைப் பார்த்துப் பெற்றோர் நிம்மதியாகிவிடுகிறார்கள்.

பிறந்த குழந்தையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. முதல் ஓரிரு நாளில் நாம் அளப்பது பெரும்பாலும் அம்மாவின் கிரியாட்டினின்தான், நஞ்சுக்கொடி வழியாக வந்தது. நிறைமாதக் குழந்தைக்கு அது மளமளவென்று இறங்கும். குறைமாதக் குழந்தைக்கு முதலில் கொஞ்சம் ஏறி, அப்புறம் மெதுவாக இறங்கும். அதனால் ஒரே ஒரு எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இறங்கவேண்டிய நேரத்தில் இறங்கியதா, இறங்கியபின் மறுபடி ஏறியதா என்றுதான் பார்க்க வேண்டும்.

உங்கள் மகனுக்கு 0.6 வரை இறங்கியிருக்கிறது. அங்கிருந்து 48 மணி நேரத்தில் 1.1. நாங்கள் பயன்படுத்தும் வரையறைப்படி 48 மணி நேரத்தில் 0.3 ஏறினாலே திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு, வார்டில் ஏகேஐ என்போம். ஒன்றரை மடங்கு ஏறினால் முதல் நிலை, இரண்டு மடங்கென்றால் இரண்டாம் நிலை, மூன்று மடங்கோ 2.5-ஓ தொட்டால் மூன்றாம் நிலை. 0.6 என்பது 1.4 ஆனது 2.3 மடங்கு. இரண்டாம் நிலை.

ஆகவே, ஆமாம், அவனுக்குச் சிறுநீரகப் பாதிப்பு இருந்தது. அது சம்மரியில் இருந்திருக்க வேண்டும்.


ரோஸி சிஸ்டர் | திங்கள், இரவு 9.15

நான் நாகர்கோவில் பக்கம். 14 வருடமாக மும்பையில் என்ஐசியு வேலைதான். கதிர் தம்பி, உங்கள் பையனின் டயப்பரை யாரோ ஒரு சிஸ்டர் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்துக் குறித்து வைத்திருப்பார். அதனால்தான் "யூரின் குறைவு" என்று உங்களுக்குச் சொல்ல முடிந்தது.

அதை எப்படிச் செய்கிறோம் என்று பெற்றோருக்குத் தெரியாது, சொல்கிறேன். காய்ந்த டயப்பரின் எடையை முதலில் பேனாவால் அதன்மேலேயே எழுதிவிடுவோம். நனைந்ததும் நிறுத்துக் கழித்தால் எத்தனை கிராம் கூடியிருக்கிறதோ அத்தனை மில்லி சிறுநீர். கிலோவுக்கு மணிக்கு ஒரு மில்லியாவது வரவேண்டும் என்று கணக்கு. 1,400 கிராம் குழந்தைக்கு ஒரு நாள் முழுக்கச் சேர்த்து 34 மில்லி. சமையலறை டேபிள்ஸ்பூனில் இரண்டேகால். அவ்வளவு சின்ன அளவை எட்டு மணி நேர ஷிஃப்டில் பிரித்துப் பார்க்கிறோம். சூடு கொடுக்கும் வார்மருக்குக் கீழே இருக்கும் குழந்தையின் டயப்பரை மாற்ற அரை மணி நேரம் தாமதமானாலே காய்ந்து கணக்குத் தப்பும். மலமும் சேர்ந்துவிட்டால் எது எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு சிஸ்டர் ஐந்தாறு குழந்தைகளைப் பார்க்கும் ராத்திரியில் இந்தக் கணக்குதான் முதலில் விட்டுப்போகும். வருத்தத்தோடு சொல்கிறேன்.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே வந்து பிள்ளையைத் தொட அனுமதி கிடைக்கும்போது, "இன்றைக்கு யூரின் எவ்வளவு சிஸ்டர்?" என்று கேளுங்கள். நாங்கள் கோபப்பட மாட்டோம். கேட்கிற அம்மாவின் பிள்ளைக்கு நானே இன்னொரு தடவை சார்ட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன்.


நிலா (மாட்டுங்கா) | திங்கள், இரவு 10.30

ரோஸி சிஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். சிறுநீர் சரியாகப் போனால் கிட்னி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அமிகாசின், ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் மருந்துகளால் வரும் பாதிப்பில் குழந்தை தாராளமாகச் சிறுநீர் கழித்துக்கொண்டே இருக்கும், உள்ளே கிரியாட்டினின் ஏறிக்கொண்டிருக்கும். டயப்பர் கணக்கும் வேண்டும், ரத்தமும் பார்க்க வேண்டும்.

ஆனால் தினமும் ரத்தம் எடுக்கவும் முடியாது. 1,400 கிராம் குழந்தையின் உடம்பில் மொத்த ரத்தமே ஒரு டம்ளர் வராது, 120 மில்லி பக்கம்தான். ஒவ்வொரு மில்லியும் கணக்கு. எந்தக் குழந்தைக்கு எப்போது எடுப்பது என்பதில்தான் அனுபவம் தேவைப்படுகிறது.


முலுண்ட் அகிலா | செவ்வாய், காலை 11.10

என் மகள் குறைமாதமே இல்லை. 39 வாரம், 3.1 கிலோ. இரண்டாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டோம். இந்த இழையைப் படித்ததும் எழுதத் தோன்றியது.

எனக்குப் பால் சரியாக வரவில்லை என்பது எனக்கே தெரியாது. குழந்தை மார்பில் வாயை வைத்தபடி தூங்கிவிடும். "சமத்து, அழவே இல்லை" என்று எல்லாரும் சொன்னார்கள். நான்காம் நாள் டயப்பரில் செங்கல் பொடி தூவியதுபோல ஒரு கறை. ரத்தமோ என்று பயந்து அம்மாவுக்கு ஊருக்கு போன் செய்தேன், சூடாக இருக்கும் என்றார். ஐந்தாம் நாள் எழுப்பினாலும் எழவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினோம். எடை 2.65 கிலோ. பிறந்த எடையில் நூற்றுக்கு 14 குறைந்துவிட்டது. ரத்தத்தில் சோடியம் 168 வரை ஏறியிருந்தது, கிரியாட்டினின் 2.1.

எட்டு நாள் உள்ளே இருந்தோம். நீர்ச்சத்துதானே குறைவு, வேகமாக ஏற்றினால் சரியாகிவிடாதா என்று என் கணவர் டாக்டரிடம் கேட்டார். சோடியத்தை அவசரமாக இறக்கினால் மூளை வீங்கி வலிப்பு வரும், நாளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டும் என்று வரைந்து காட்டி விளக்கினார். வீட்டுக்குப் போகும்போது கிரியாட்டினின் 0.4. எங்கள் சம்மரியில் கிட்னி பற்றி எழுதியிருந்தார்கள், மூன்று மாதம் கழித்து வரவும் சொன்னார்கள். அதனால் எல்லா இடத்திலும் விட்டுவிடுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன்.

முதல் குழந்தைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். ஐந்தாறாம் நாளிலிருந்து தினமும் ஆறு டயப்பராவது நன்றாக நனைய வேண்டும். மூன்றாம் நாளுக்கு மேலும் செங்கல் நிறக் கறை வந்தால் அன்றைக்கே எடை பாருங்கள்.


நிலா (மாட்டுங்கா) | செவ்வாய், பிற்பகல் 1.25

அகிலா, அந்தக் கறை யூரேட் உப்பு. முதல் இரண்டு நாள் வந்தால் பரவாயில்லை, அதற்குமேல் வந்தால் குழந்தைக்குப் பால் போதவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எடை இழப்பு நூற்றுக்கு 10-ஐத் தாண்டினாலே டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது.

பால் வராத அம்மாக்கள் குற்றவுணர்ச்சியில் மறைக்கிறார்கள், அது வேண்டாம். ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி நம் சயான் மருத்துவமனையில்தான் 1989இல் தொடங்கியது, டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸின் முயற்சி. தாராவியை ஒட்டி இருக்கும் அந்த மருத்துவமனையில் எத்தனையோ தமிழ்க் குழந்தைகள் அந்தப் பாலைக் குடித்திருக்கிறார்கள். சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், உரைமருந்து எதுவும் பாலின் இடத்தில் வராது.


தாணே சுந்தர் | செவ்வாய், இரவு 10.50

நேற்று நான் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். டாக்டர் எழுதியதற்கு அப்புறம் உட்கார்ந்து தேடினேன். 'அவேகன்' என்று ஒரு பெரிய ஆய்வு, 2017இல் வந்திருக்கிறது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, இந்தியா என்று நான்கு நாடுகளில் 24 மையங்கள். 2,022 குழந்தைகளில் 605 பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பு. அதாவது நூற்றுக்கு 30. பாதிப்பு வந்த 605 பேரில் 59 குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். வராத 1,417 பேரில் 20 பேர்தான். பாதிப்பு வந்தவர்கள் மருத்துவமனையில் இருந்த நாளும் அதிகம்.

மூன்றில் ஒரு குழந்தைக்கா? பத்தில் ஒன்று இறக்குமா? இதைப் படித்துவிட்டு என் தங்கைக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, அவளுக்கு அடுத்த மாதம் பிரசவம்.


நிலா (மாட்டுங்கா) | செவ்வாய், இரவு 11.40

சுந்தர் சார், தங்கையிடம் இதைச் சொல்லவே வேண்டாம். அந்த 2,022 பேரும் பிறந்த எல்லாக் குழந்தைகளும் அல்ல. என்ஐசியுவில் சேர்ந்து, குறைந்தது இரண்டு நாள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றப்பட்ட குழந்தைகள். ஏற்கெனவே நோயோடு இருந்தவர்கள். அம்மா மடியில் பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அந்த 30 பொருந்தாது.

உள்ளே பார்த்தால் இன்னும் தெளிவாகும். 29 வாரத்துக்கு முன்பு பிறந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பாதிப்பு வந்தது. 29 முதல் 36 வாரத்துக்குள் பிறந்தவர்களில் நூற்றுக்கு 18. ஆனால் 36 வாரமும் அதற்கு மேலும் ஆனவர்களில் மறுபடி 37. நிறைமாதத்தில் ஏன் கூடுகிறது? என்ஐசியு வரை வருகிற நிறைமாதக் குழந்தை சும்மா வருவதில்லை. பிறக்கும்போது மூச்சுத்திணறல், கடுமையான தொற்று என்று ஏதோ பெரிய அடி பட்டுத்தான் வருகிறது.

இறப்பு பற்றி. நோயின் கடுமை, வாரம், எடை போன்றவற்றைக் கணக்கில் சரிசெய்த பிறகும் பாதிப்பு உள்ளவர்களிடம் இறப்பின் வாய்ப்புவிகிதம் 4.6 மடங்கு இருந்தது. சரிசெய்த கணக்கில் சராசரியாக 8.8 நாள் கூடுதலாக மருத்துவமனையில் இருந்தார்கள். இது தற்செயலாக வந்திருக்க முடியாத அளவு பெரிய வித்தியாசம். ஆனாலும் கிட்னி கெட்டதால் இறந்தார்களா, கிட்னியையும் கெடுக்கும் அளவுக்கு நோய் முற்றியிருந்ததா என்று இந்த வகை ஆய்வால் முழுதாகப் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் இருக்கும் என்பது என் கருத்து. சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் உடம்பில் நீர் தேங்கும். நுரையீரலில் தேங்கினால் வென்டிலேட்டரிலிருந்து எடுக்க முடியாமல் நாள் போகும். மருந்தின் அளவு தப்பும். பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பு தாறுமாறாகும். எனவே சாட்சி மட்டும்தான், குற்றவாளி இல்லை என்று கிட்னியை விட்டுவிடவும் முடியாது.


தாராவி செல்வி | புதன், இரவு 12.35

நான் இங்கே படிக்க மட்டும்தான் வருவேன். எழுதியது இல்லை.

ஆறு வருடத்துக்கு முன் எனக்கு மகள் பிறந்தாள். நிறைமாதம், 2.8 கிலோ. வலி எடுத்து ரொம்ப நேரம் ஆகிவிட்டது. பிறந்ததும் அழவில்லை. அன்றைக்கே வலிப்பு வந்தது. இரண்டு நாள் ஒரு சொட்டு சிறுநீர் இல்லை என்றார்கள். மூன்றாம் நாள் வயிற்றில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்ய வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் போட்டார். நான்காம் நாள் விடியற்காலையில் போய்விட்டாள்.

வயிற்றில் ஓட்டை போட்டதால்தான் பிள்ளை போச்சு, கையெழுத்துப் போட்டிருக்கக் கூடாது என்று என் மாமியார் இன்றைக்கு வரைக்கும் சொல்கிறார். என் வீட்டுக்காரர் அதற்குப் பதில் பேச மாட்டார், எழுந்து வெளியே போய்விடுவார். எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டும் டாக்டர்.


நிலா (மாட்டுங்கா) | புதன், அதிகாலை 1.20

செல்வி, உங்கள் பதிவை இப்போதுதான் பார்த்தேன். காலையில் எழுதலாம் என்று தள்ளிப்போட மனம் வரவில்லை.

பிறக்கும்போது குழந்தைக்குப் பிராணவாயு போதாமல் போனால், இருக்கும் ரத்தத்தை உடம்பு மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடும். சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் தோலுக்கும் போவதைக் குறைத்துக்கொள்ளும். மூளையைக் காப்பாற்ற உடம்பே செய்கிற ஏற்பாடு அது. அதனால்தான் இந்தக் குழந்தைகளுக்கு முதலில் சிறுநீர் நிற்கிறது. உங்கள் மகளுக்கு முதல் நாளே வலிப்பு வந்திருக்கிறது, அழவில்லை, இரண்டு நாள் சிறுநீர் இல்லை. அடி குழாய் போடுவதற்கு இரண்டு நாள் முன்பே விழுந்துவிட்டது.

வயிற்றில் போடும் குழாய் மெல்லியது. அதன் வழியாகத் திரவத்தை உள்ளே விட்டு, கொஞ்ச நேரம் வைத்திருந்து, வெளியே எடுப்பார்கள். வயிற்றின் உட்சவ்வு வடிகட்டியாக வேலை செய்யும். இவ்வளவு சின்ன உடம்பில் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்யும் இயந்திரம் கிடைப்பது அரிது. இத்தாலியில் 2013இல்தான் இந்த எடைக்கென்றே ஒரு இயந்திரத்தை முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் வயிற்று டயாலிசிஸ்தான், அதுதான் சரியான வழியும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் நின்றுவிடாமல் இருக்க அவர்கள் கையில் இருந்த ஒரே கதவு அது. உங்கள் கணவர் அந்தக் கதவைத் திறக்கச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டார். அந்தப் படிவம் என் முன்னால் இருந்தால் நானும் போட்டிருப்பேன்.

இந்தப் பதிவை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.


ரோஸி சிஸ்டர் | புதன், காலை 8.00

செல்வி, நைட் டூட்டி முடிந்து லோக்கலில் வந்துகொண்டே படித்தேன். நான்கு நாள் இருந்த பிள்ளையும் எங்களுக்கு நினைவிருக்கும் அம்மா. மாட்டுங்கா, தாராவி, கோலிவாடா பக்கம் எங்கே இருந்தாலும் சொல்லுங்கள், வந்து பார்க்கிறேன்.


செம்பூர் கதிர் | புதன், இரவு 10.05

செல்வி அக்கா, என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. நாங்கள் உங்களோடு இருக்கிறோம்.

டாக்டர், மனதில் ஓடிக்கொண்டிருப்பதைக் கேட்டுவிடுகிறேன். என் மகனுக்குக் கொடுத்தது அமிகாசினும் வான்கோமைசினும். இரண்டுமே கிட்னியைப் பாதிக்கும் என்று இப்போது படிக்கிறேன். தெரிந்தே எப்படிக் கொடுத்தார்கள்?


நிலா (மாட்டுங்கா) | வியாழன், பிற்பகல் 3.15

கொடுக்காமல் இருந்திருந்தால் தொற்று அவனை எடுத்துக்கொண்டு போயிருக்கும் கதிர். 1,400 கிராம் குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி என்றால் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டும். தொற்றும் தனியாகக் கிட்னியைத் தாக்கும். எது எவ்வளவு செய்தது என்று யாராலும் பிரிக்க முடியாது.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. இரண்டு மருந்தும் ஓடும்போது கிரியாட்டினினை விடாமல் பார்த்தார்களா? எந்தக் கிருமி என்று காட்டும் கல்ச்சர் ரிப்போர்ட் வந்ததும் தேவையில்லாததை நிறுத்தினார்களா? 12, 14, 15, 17 என்று நீங்கள் கொடுத்த தேதிகளைப் பார்த்தால் கவனமாகத்தான் பார்த்திருக்கிறார்கள். இதையே ஒரு முறையாகச் செய்கிற மருத்துவமனைகள் வெளிநாட்டில் இருக்கின்றன. 'பேபி நிஞ்சா' என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர். கிட்னிக்கு ஆகாத மருந்து மூன்று ஒரே நாளில் சேர்ந்தாலோ, அமிகாசின் வகை மருந்து (அமினோகிளைக்கோசைடு) நாலைந்து நாளாக ஓடினாலோ, தினமும் கிரியாட்டினின் பார்ப்பார்கள், மருந்தாளுநர் வந்து எதை நிறுத்தலாம் என்று கேட்பார். அப்படிக் கேட்டதாலேயே பாதிப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை, நம் ஊரிலும் செய்யலாம்.

31 வாரக் குழந்தைக்கு இது ஏன் முக்கியம் என்றால், சிறுநீரகத்தின் வடிகட்டிகளான நெஃப்ரான்கள் 34 முதல் 36 வாரம் வரை உருவாகிக்கொண்டே இருக்கும். அதிலும் பாதிக்கு மேல் கடைசி மூன்று மாதத்தில்தான். உங்கள் மகன் இன்குபேட்டருக்குள் இருந்தபடியே மீதியைக் கட்டிக்கொண்டிருந்தான். அந்த நேரத்தில் அடி விழுந்திருக்கிறது. பிறகு புதிதாக உருவாகாது. கிரியாட்டினின் 0.7-க்கு இறங்கியது நல்லதுதான், ஆனால் இருக்கிற நெஃப்ரான்கள் கூடுதலாக உழைத்தும் அந்த எண் வரும். வருடங்கள் கழித்து ரத்த அழுத்தமாகவோ சிறுநீரில் புரதமாகவோ தெரியலாம்.


வாஷி உமா | வியாழன், இரவு 9.40

எனக்கு மாற்றுக் கருத்து. என் இரட்டைக் குழந்தைகளுக்கு எல்லா எண்ணையும் தினமும் சொன்னார்கள். கிரியாட்டினின், சிஆர்பி, பிளேட்லெட். நான் ஒரு நோட்டில் எழுதி எழுதி, எண் 0.1 ஏறினால் அன்று முழுக்கச் சாப்பிட மாட்டேன். பால் வற்றிவிட்டது. என் கணவர்தான் டாக்டரிடம், "இவளிடம் எண்ணைச் சொல்லாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டார். குழந்தைகள் தேறியபின் தெரிந்தால் போதும் என்று நினைக்கிற அம்மாக்களும் இருக்கிறோம்.


செம்பூர் கதிர் | வியாழன், இரவு 10.20

உமா, நீங்கள் சொல்வது புரிகிறது. என் மனைவியும் அப்படித்தான். ஆனால் "தேறியபின்" என்று சொன்னீர்களே, அங்கேதான் எனக்கு வலிக்கிறது. தேறியபின்னும் சொல்லவில்லை. 15ஆம் நாள் என்னிடம் மறைத்திருந்தால்கூட மன்னித்துவிடுவேன். 47ஆம் நாள் கையில் கொடுத்த காகிதத்தில் அது இருந்திருக்க வேண்டும். அந்தக் காகிதம் எனக்காக மட்டும் இல்லை, அவனை இனிப் பார்க்கப்போகும் ஒவ்வொரு டாக்டருக்காகவும்தானே.


வாஷி உமா | வியாழன், இரவு 10.45

அதில் உங்களோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன்.


ஐரோலி பாஸ்கர் | வெள்ளி, காலை 9.30

இன்சூரன்ஸ் துறையில் இருக்கிறேன், சுருக்கமாக ஒன்று. கிட்னி பாதிப்பால் நாள் கூடினால் பில்லும் கூடும். குடும்பத்துக்கே சேர்த்துத் தனியாக எடுத்த ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசிகள் பலவற்றில் குழந்தைக்கு 91ஆம் நாளிலிருந்துதான் பாதுகாப்பு. கம்பெனி குரூப் பாலிசியில் மெட்டர்னிட்டி இருந்தால் பெரும்பாலும் முதல் நாளே உண்டு, ஆனால் குழந்தையின் பெயரை எச்ஆரிடம் குறித்த நாளுக்குள் சேர்க்க வேண்டும். என்ஐசியு வாசலில் நிற்கும்போது இது நினைவுக்கு வராது, தாத்தா, மாமா யாரிடமாவது இந்த வேலையைக் கொடுத்துவிடுங்கள். அரசு மருத்துவமனையில் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில் 2011 முதல் இலவசம், பரிசோதனையும் மருந்தும் சேர்த்து.


நிலா (மாட்டுங்கா) | வெள்ளி, பிற்பகல் 2.00

கதிர், இனி செய்ய வேண்டியது. டிஸ்சார்ஜ் சம்மரியைத் திருத்தி எழுதித்தரச் சொல்லிக் கேளுங்கள். கோபமாக இல்லாமல், லேப் சீட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள். உள்நோயாளி பற்றிய பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதிமுறையிலேயே இருக்கிறது. மூன்று வருடம் வைத்திருக்கவும் வேண்டும். மங்கும் சீட்டுகளை இன்றைக்கே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ரத்த அழுத்தம். 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு மூன்று வயது வரை காத்திருக்காமல் ஒவ்வொரு முறை டாக்டரிடம் போகும்போதும் பார்க்க வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல். கையின் அளவுக்கேற்ற சின்னப் பட்டை வேண்டும், பல கிளினிக்குகளில் இருக்காது. கேளுங்கள். அழும்போது எடுத்த எண்ணை நம்ப வேண்டாம். ஒரு தடவை சிறுநீரில் புரதமும் கிரியாட்டினினும் பார்த்துவிடலாம். ஐபுபுரூஃபன் கிட்னிக்கு ஆகாது, அதனால் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், எடைக்கேற்ற அளவில். வாந்தி பேதி வந்தால் ஓஆர்எஸ் கொடுப்பதில் தாமதம் கூடாது.


தாராவி செல்வி | சனி, இரவு 11.00

டாக்டர், நேற்று ராத்திரி அவரிடம் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார். இன்றைக்குக் காலையில் அவரே அவர் அம்மாவிடம் போய்ச் சொன்னார். அத்தை ஒன்றும் பேசவில்லை. மத்தியானம் அவருக்குச் சாப்பாடு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.


செம்பூர் கதிர் | அடுத்த வியாழன், இரவு 9.10

போய்விட்டு வந்தேன். என்ஐசியுவில் அவனை அன்று பார்த்த அதே டாக்டரம்மாதான். சீட்டுகளைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "இது இருந்திருக்க வேண்டும், சம்மரியை அன்றைக்கு ரெசிடெண்ட் எழுதியிருப்பார், நான் பார்த்திருக்க வேண்டும்" என்றார். திருத்திய சம்மரியில் முத்திரை வைத்துக் கொடுத்தார். அதில் உள்ளதை அப்படியே தமிழில் எழுதுகிறேன்: "15ஆம் நாள் இரண்டாம் நிலை திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு, தொற்றும் மருந்தும் காரணமாக இருக்கலாம், 21ஆம் நாளுக்குள் தேறியது. ரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் தொடர்ந்து கவனிக்கவும். ஐபுபுரூஃபன் வகை மருந்துகளைத் தவிர்க்கவும்."

சிறுநீரில் புரதம் இல்லை. கிரியாட்டினின் 0.3. ரத்த அழுத்தம் பார்க்கச் சின்னப் பட்டை அங்கே வார்டிலிருந்து எடுத்து வர வேண்டியிருந்தது. அதுவரை அவன் என் தோளில் தூங்கிவிட்டான், அதனால் அழாமல் எடுக்க முடிந்தது. 84க்கு 48. சரிதானே டாக்டர்?


நிலா (மாட்டுங்கா) | அடுத்த வியாழன், இரவு 9.35

சரிதான். தேதியோடு தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள், ஒரு வயது ஊசிக்குப் போகும்போது மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.


ரோஸி சிஸ்டர் | வெள்ளி, காலை 7.50

தம்பி, அந்தத் திருத்திய சம்மரியை லேமினேட் செய்யாதீர்கள், ஜெராக்ஸ் மூன்று எடுத்து ஊருக்கும் ஒன்று அனுப்பி வையுங்கள். லீவுக்குப் போனால் அங்கேதான் காய்ச்சல் வரும்.